வரவேற்பும் வாழ்த்துப் பத்திரமும்

ஒரு கல்லூரி தன் யூபிலி விழாவைக் கொண்டாடுங்கால் வாயிலில் வாழை நாட்டப்படுகின்றது, மாவிலைத் தோரணங் கட்டப்படுகின்றது, நிறைகுடம் வைக்கப்படுகின்றது. பிரதம விருந்தினர் வந்திறங்கியதும் மாலை விழுகின்றது, மேளம் முழங்குகின்றது. வரவேற்புரை, வாழ்த்துப்பா, பாராட்டுப் பத்திரம், பதிலுரை, நன்றியுரை என நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நடந்தேறுகின்றன. இவ்வரிசை எங்ஙனம் ஏற்பட்டது, எதற்காக ஏற்பட்டது என்று நாம் கேட்பதில்லை. பழகிய வழக்கம் என்பதனால் அதனை ஆராயாது விடுகின்றோம்.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் சபைகளிலும் சங்கங்களிலும் பதவி வகிப்போர். மேடைகளில் மாலை ஏற்போராகவோ மாலை சூட்டுவோராகவோ இருப்போர். ஆதலின், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலே நம் நாட்டு நகரங்களில் பொதுமக்கள் தம் தலைவர்க்கு எடுத்த வரவேற்புக்களையும், அரசாங்கத்தார் அளித்த பட்டங்களையும், அவற்றின் உட்கருத்தையும் விளக்குதல் பயனுடைத்தென எண்ணினோம். அக்காலத்துச் செய்திகள் சில இன்று நமக்குப் பெருமை தருவன. சில நெஞ்சை உறுத்துவன. இரண்டையும் ஒருங்கே கூறுவதே முறையாகும்.

பழைய வேர்கள்

தலைவனை எதிர்கொண்டு போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. தலைவன் புகழைப் பாடும் துறைகளைப் பாடாண்திணை என ஒரு திணையாகவே வகுத்தனர் நம் முன்னோர். அரசன் வீதியில் வரும் பவனியைப் பாட உலா என்றொரு பிரபந்தம் எழுந்தது. அரசன் செய்த செயல்களைக் கல்லிற் பொறித்த மெய்க்கீர்த்திகள் சோழர் காலத்தில் மலிந்தன. ஆயினும், புகழ்தல் ஒன்றே வாழ்த்தின் வேலை என்று நம் இலக்கணம் சொல்லவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து என ஒன்றையும், செவியறிவுறூஉ என ஒன்றையும் கூறுகின்றது. முதலாவது, வேம்பினைப் போல அப்பொழுது கசந்து பின்பு நன்மை தருஞ் சொல். இரண்டாவது, பெரியோர் முன் அடங்கி ஒழுகுக என அறிவுறுத்துவது. வாழ்த்து என்னும் பெயராலேயே தலைவனுக்கு அறிவுரை கூறும் உரிமையைத் தமிழ் மரபு வைத்திருந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னே இது நமக்குப் பயன்படும்.

எமது மட்டக்களப்புத் தென்பகுதியிலும் வரிசை, மரியாதை என்பன தொன்றுதொட்டு வந்தவை. அம்பாறை மாவட்டம் 1961-ஆம் ஆண்டிலேதான் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் கல்முனை, காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, நிந்தவூர் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. இப்பகுதியில் ஒருவரை மதித்து அழைப்பதென்றால் வெற்றிலை வட்டா வைத்து அழைப்பர். பெரியோர் நடந்து வரும் வழியில் நிலபாவாடை விரிப்பர், மேலே வெள்ளை கட்டுவர், பெண்கள் குரவையிடுவர். முஸ்லிம் ஊர்களிலே றபான் அடித்துப் பைத் பாடியும், களிகம்பு ஆடியும், சிலம்பம் சுழற்றியும் விருந்தினரை ஊர்வலமாக அழைத்துச் செல்வர். கோயிலில் வண்ணக்கர்க்கும், பள்ளிவாசலில் மரைக்காயர்க்கும் தத்தம் குடியின் சார்பிலேயே இடமும் மரியாதையும் உண்டு. மரியாதை தனியொருவனுக்கு உரியதன்று, அவன் எந்தக் குடியின் பெயரால் நிற்கின்றானோ அந்தக் குடிக்கு உரியது என்னும் கருத்து இங்கே ஆழ வேரூன்றியது. எவர் முன்னே நடப்பது, எவர்க்கு முதல் வெற்றிலை என்பதன்மேல் வழக்குகள் எழுந்ததும் இதனாலேயே.

பிரித்தானியர் காலத்துச் சடங்குகள்

இப்பழைய வேரின்மீது பிரித்தானிய ஆட்சி தன் சடங்குகளை ஒட்டவைத்தது. மன்னரின் பிறந்தநாளில் பட்டங்கள் அறிவிக்கப்பட்டன. முகாந்திரம், முதலியார், கேட் முதலியார், மகா முதலியார் என அவை படிப்படியாய் உயர்ந்து சென்றன. மட்டக்களப்பிற் பற்றுக்களின் தலைமைக்காரர் வன்னியனார் எனப்பட்டனர். பொற்பொத்தான் வைத்த அங்கியும், தோட்பட்டையும், வாளும் பட்டம் பெற்றோர் அணியும் உடையின் சின்னங்களாயின. பட்டம் பெற்றவர்க்கு அரசாங்கம் அளித்தது பெரும்பாலும் பெயரும் உடையும் இருக்கை வரிசையுமே. அதற்கு ஈடாக அரசாங்கம் பெற்றதோ அவருடைய செல்வாக்கு முழுவதும் ஆகும். வரி திரட்டவும், வழிகள் அமைக்கவும், அமைதி காக்கவும் அச்செல்வாக்குப் பயன்பட்டது. செலவு குறைந்த ஆட்சிமுறை இதுவெனலாம்.

தேசாதிபதியோ அரசாங்க அதிபரோ ஓர் ஊருக்கு வருகின்றார் என்றால் வரவேற்புச் சபை ஒன்று கூட்டப்படும். ஊர்ப்பிரமுகர் பணந் திரட்டுவர். உபசாரப் பத்திரம் எழுதுவதற்கு ஆங்கிலம் வல்லார் ஒருவரையும், வாழ்த்துப்பா இயற்றுவதற்குப் பண்டிதர் ஒருவரையும் அமர்த்துவர். பத்திரம் பட்டிலோ தடித்த காகிதத்திலோ பொன்னெழுத்தில் அச்சாகும். அதனை வைப்பதற்கு வெள்ளியாலோ, தந்தத்தாலோ, சந்தனமரத்தாலோ பேழை ஒன்று செய்யப்படும். குறித்த நாளில் சபைத் தலைவர் அதனை வாசித்துப் பேழையிலிட்டுக் கையளிப்பார், விருந்தினர் பதிலுரைப்பார், பிரமுகர் ஒவ்வொருவராக அறிமுகஞ் செய்யப்படுவர். அவ்வறிமுக வரிசையில் யார் முந்தி, யார் பிந்தி என்பது பல நாட்கள் பேசப்படும்.

இப்பத்திரங்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். முதற்பகுதி வருகையால் ஊர் அடைந்த மகிழ்ச்சியைக் கூறும். இரண்டாம் பகுதி வந்தவரின் குணநலங்களைக் கூறும். மூன்றாம் பகுதியிலே ஊரின் குறைகள் வந்துவிடும். வீதி வேண்டும், பாலம் வேண்டும், ஆசுபத்திரி வேண்டும், பாடசாலை வேண்டும் என்று அடக்கமான நடையில் எழுதப்பட்டிருக்கும். கடைசிப்பகுதி நீடுவாழ்க என்று முடியும். மாலையும் பொன்னெழுத்தும் அந்த மூன்றாம் பகுதிக்காகவே இருந்தன என்று சொன்னாலும் மிகையாகாது. எழுதிய பண்டிதர் தொல்காப்பியத்தை நினைத்தாரோ இல்லையோ, அவர் செய்தது வாயுறை வாழ்த்தின் நெறிக்கு நெருங்கியதே.

ஏன் இவ்வாறு செய்ய வேண்டியதாயிற்று? அக்காலத்து மக்களுக்கு வாக்குரிமை இல்லை. சட்டநிரூபணசபை உறுப்பினரைத் தேசாதிபதியே நியமித்தார். முஸ்லிம்களுக்கென ஓர் இடம் 1889-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டதும் நியமனமாகவே. 1911-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் படித்த இலங்கையர்க்கென ஓர் இடம் தேர்தலுக்கு விடப்பட்டது; சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதில் வெற்றிபெற்றார். அத்தேர்தலில் வாக்களிக்கத் தகுதி பெற்றோர் தீவு முழுவதிலும் ஏறக்குறைய மூவாயிரவரே. ஏனைய இலட்சக்கணக்கான மக்கள் தமக்கு வேண்டியவர் யார் என்று காட்டுவதற்குத் துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் கூடி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. வாக்குச்சீட்டு இல்லாத காலத்தில் வரவேற்பே மக்களின் வாக்காயிருந்தது.

தொப்பியும் வேட்டியும்

சடங்கு என்றால் உடையும் அதன்பாற்படும். யார் எந்த உடையில் எந்த மண்டபத்துள் நுழையலாம் என்பது அக்காலத்தில் மானப்பிரச்சினையாய் இருந்தது. இதற்கு இலங்கை முஸ்லிம்களின் துருக்கித்தொப்பிப் போராட்டம் தக்க சான்று.

எகிப்திலே பிரித்தானியரை எதிர்த்துத் தோல்வியுற்ற ஒறாபி பாஷா 1883-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்திறங்கினார். அரசாங்கத்தின் கணக்கில் அவர் ஒரு கைதி. கொழும்பு முஸ்லிம்களின் கணக்கிலோ அவர் ஒரு வீரர். பெருந்திரளாய்க் கூடி அவரை எதிர்கொண்டனர். அவரும் அவர் தோழரும் அணிந்த சிவந்த தொப்பி இங்குள்ள முஸ்லிம்களிடையே பரவுவதற்கு அவர் வருகை ஊக்கமளித்தது. அறிஞர் சித்திலெப்பை முயன்று வந்த கல்விப் பணிக்கும் அவர் துணை நின்றார். 1892-ஆம் ஆண்டில் மருதானையிலே தோன்றிய பாடசாலை பிற்காலத்தில் சாகிறாக் கல்லூரியாய் வளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் வாழ்ந்த பாஷா 1901-இல் தாயகம் திரும்பினார்.

1905-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்துல் காதர் என்னும் நியாயதுரந்தரர் சப்பாத்தும் துருக்கித்தொப்பியும் அணிந்து உயர்நீதிமன்றிற் தோன்றினார். பிரதம நீதியரசர் லேயாட் அதனை ஏற்கவில்லை. ஐரோப்பிய வழக்கப்படி சப்பாத்து அணிந்தவர் தலையை மூடலாகாது. கீழ்நாட்டு வழக்கப்படி தலையை மூடுபவர் காலணியைக் களைதல் வேண்டும் என்பது அவர் கொண்ட முறை. இரண்டும் சேர்ந்து வருவதை அவர் மரியாதைக் குறைவென்று கருதினார். முஸ்லிம்கள் இதனைத் தம் சமூகத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டனர். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் முதலியோர் முன்னின்று உழைத்தனர். அவ்வாண்டு திசம்பர் 31-ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மாபெருங் கூட்டம் ஒன்று கூடியது. இறுதியில் தொப்பியோடு மன்றில் தோன்ற இடமளிக்கப்பட்டது. ஒரு சாண் உயரத் தொப்பிக்காகத் தீவின் பல பாகத்து முஸ்லிம்களும் ஒன்றுபட்டமை அவர்தம் பொதுவாழ்வில் ஒரு திருப்பமாயிற்று.

கடலுக்கு அப்பால் சென்னையிலும் இதனையொத்த செய்தியொன்று உண்டு. நகராண்மைக் கழகத் தலைவராயிருந்த சேர் பிட்டி தியாகராயச் செட்டியார் எப்பொழுதும் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிபவர். வெள்ளுடை வேந்தர் என அழைக்கப்பட்டவர். 1922-ஆம் ஆண்டு சனவரியில் வேல்சு இளவரசர் சென்னைக்கு வந்தபொழுது, நகரத்தின் முதற்குடிமகன் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் அவரே. அரசவை முறைக்குரிய உடைக்காக அவர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வெள்ளுடையிலேயே வரவேற்றார் என்பர். அதே வேளையில் ஒத்துழையாமை இயக்கத்தார் அழைப்பை ஏற்று நகரத்தின் ஒரு பகுதி கடையடைத்து நின்றது, கலகமும் மூண்டது. ஒரு வீதியில் தோரணம், மறு வீதியில் அடைத்த கதவு. வரவேற்பு மக்களின் வாக்கு என்றோம். அடைத்த கதவும் அவர்தம் வாக்கே.

மனிதர் இழுத்த வண்டிகள்

வரவேற்புக்களுள் உச்சமானது வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களே அதனை இழுத்துச் செல்லுதல். மேனாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. தேர்வடம் பிடித்துப் பழகிய நம் மக்களுக்கு அது எளிதிற் பொருந்திற்று.

1897-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சமயப் பணி முடித்துக் கொழும்பிலே இறங்கினார். இராமநாதனின் தமையனாரும் சட்டநிரூபணசபை உறுப்பினருமான பொன்னம்பலம் குமாரசுவாமி அவரை வரவேற்று உபசாரப் பத்திரம் வாசித்தளித்தார். சுவாமிகள் கண்டி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சென்றபொழுது தீவட்டி ஒளியில் ஊர்வலமாக அழைக்கப்பட்டு, இந்துக் கல்லூரி வளவில் அமைந்த பந்தலில் உபசரிக்கப்பட்டார். பின் பாம்பனிலே இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டார். அங்கே குதிரைகள் அவிழ்க்கப்பட்டன. அரசரும் மக்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தார். நாடாளும் அரசன் ஒரு துறவியின் வண்டியை இழுத்தமை, பதவியிலும் உயர்ந்தது ஒன்றுண்டு என்பதை ஊரறியச் செய்தது.

இலங்கையிலே இத்தகைய மரியாதை பெற்றோருள் மிகப் புகழ்பெற்றவர் இராமநாதனே. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் காலத்திலே, கண்டியில் பௌத்த ஊர்வலம் ஒன்று பள்ளிவாசலைக் கடந்து செல்லுதல் பற்றிய பிணக்கிலிருந்து கலகம் மூண்டது. சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்கு அது பரவியது, கீழ்மாகாணத்தை எட்டவில்லை. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் 4,075 சூறையாடப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதப்படுத்தப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன என்று அரசாங்கத்தார் கணக்கெடுத்தனர். உயிர்களும் மாண்டன. தேசாதிபதி சேர் றொபேட் சாமேசு இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். கலகத்தை அடக்கியபின்னும் அச்சட்டம் நீடித்தது. சிங்களத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உளர். எட்வேட் கென்றி பேதிரிசு என்னும் இளைஞர் இராணுவ மன்றின் தீர்ப்பினால் சூலை 7-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்நாளில் இராமநாதன் சட்டநிரூபணசபையில் எழுந்து இராணுவச் சட்டத்தின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். பின்பு மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த கடல்வழியே இங்கிலாந்து சென்று குடியேற்ற நாட்டு அமைச்சரிடம் முறையிட்டார். தேசாதிபதி திரும்ப அழைக்கப்பட்டார்; சேர் யோன் அண்டர்சன் அவரிடத்துக்கு வந்தார். 1916-ஆம் ஆண்டில் இராமநாதன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கியபொழுது, சிங்கள மக்கள் அவர் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தம் தோள்வலியால் அதனை அவர் இல்லமாகிய சுகஸ்தானுக்கு இழுத்துச் சென்றனர். பிரமுகர்களும் அக்கூட்டத்திற் கலந்துகொண்டனர். ஓர் இனத்தார் மற்றோர் இனத்துத் தலைவரை இவ்வாறு போற்றிய நிகழ்ச்சி நம் நாட்டு வரலாற்றில் அரிது. தமிழர் இதனை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கின்றனர்.

பெருமைக்கு இடமுண்டு. சட்டத்தின் பெயரால் நடந்த கொடுமையைத் தமக்கு நேராதபொழுதும் எதிர்த்து நின்றார் ஒருவர். அத்துணிவு போற்றத்தக்கதே. ஆயினும், அந்த வீதியிலே நின்று வண்டியை இழுத்தவர் யார் என்று மட்டும் கேட்டால் வரலாறு நிறைவுபெறாது; அங்கு வாராதவர் யார் என்றும் கேட்டல் வேண்டும். கடையை இழந்த வணிகரும், எரிந்த பள்ளிவாசலின் சாம்பலைக் கூட்டியவரும் அவ்வூர்வலத்தில் மகிழ்ந்திருக்க இயலாது. தம்மைத் தாக்கியோர் தண்டிக்கப்பட்டதைப் பற்றியே பேச்செல்லாம் நிகழ்கின்றது, தமக்கு நேர்ந்த அழிவைப் பற்றிய பேச்சு மங்கிவிட்டது என்று முஸ்லிம்கள் எண்ணினர். ஏற்கெனவே 1888-ஆம் ஆண்டில் இராமநாதன் இலங்கைச் சோனகரை இனத்தால் தமிழரென நாட்டி எழுதிய கட்டுரையும், அதனை மறுத்து அப்துல் அஸீஸ் 1907-இல் வெளியிட்ட நூலும் இரு சாராரிடையும் மனத்தாங்கலை விளைவித்திருந்தன. 1915-ஆம் ஆண்டு அதனை ஆழமாக்கியது.

நாம் தமிழ் கற்பிக்கும் இந்த மாவடிப்பள்ளியில் இருந்து இதனை எழுதுகின்றோம். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்வெளி சூழ்ந்து கிடக்கும் முஸ்லிம் ஊர் இது. இங்குள்ள பிள்ளைகளுக்கு இராமநாதன் வரலாற்றைக் கற்பிக்குங்கால், இழுக்கப்பட்ட வண்டியை மட்டும் சொல்லி விடுதல் முறையாகாது. எரிந்த கடைகளை மட்டும் சொல்லி விடுதலும் முறையாகாது. இரண்டையும் ஒரே பாடத்திற் சொன்னால் பிள்ளைகள் குழம்புவர் என்று சிலர் அஞ்சுவர். எம் அநுபவம் வேறு. ஒரு மாலை ஒருவர்க்கு மணக்கும் பொழுது அயலவர்க்கு ஏன் மணக்கவில்லை என்று கேட்கும் வயது அவர்களுக்கு உண்டு. அக்கேள்வியை வகுப்பிலே கேட்டுத் தெளிந்த பிள்ளை வீதியிலே கேட்டுச் சினங்கொள்ளாது.

இன்னொரு படிப்பினையும் அவ்வண்டியிலிருந்து பெறலாம். 1919-ஆம் ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியபொழுது இராமநாதனின் தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அதன் முதற் தலைவரானார். மேல்மாகாணத் தமிழர்க்கு ஓரிடம் அளித்தல் பற்றிய வாக்குறுதி நிறைவேறாமையால் 1921-இல் அவர் அதனை விட்டு விலகினார். வண்டியிழுத்த நாளுக்கும் அப்பிரிவுக்கும் இடையே கழிந்தது ஐந்தாண்டுகளே. அருணாசலம் 1924-ஆம் ஆண்டு சனவரியில் மதுரையிலே காலமானார். 1930-இல் கொழும்பிலே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. மக்கள் காட்டும் அன்பு அந்த நாளில் மெய்யானதே. எனினும், அது எழுதி ஒப்பமிட்ட உடன்படிக்கையாகாது. அதனை உடன்படிக்கையாக எண்ணிய தலைவர்கள் ஏமாந்தனர்.

1927: இரு விருந்தினர்

1927-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு இரு சாரார் விருந்தினராய் வந்தனர். ஒருவர் மகாத்மா காந்தி. கதர் நிதி திரட்டும் பொருட்டு வந்த அவர் கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை ஊர்தோறும் வரவேற்கப்பட்டார். பத்திரங்களும் பேழைகளும் பணமுடிப்புக்களும் குவிந்தன. தமக்கு அளிக்கும் பேழைகளை மேடையிலேயே ஏலங்கூறி விற்று நிதியிற் சேர்ப்பது அவர் வழக்கம். வெள்ளிப் பேழையைச் சுமந்து செல்வதற்கு அவரிடம் வீடு இல்லை. அதனை உணவாகவும் உடையாகவும் மாற்றுவதற்கு ஏழைகள் இருந்தனர். மரியாதையை மறுத்து அன்பரை வருத்தவுமில்லை, அதனைத் தமதாக்கிக் கொள்ளவுமில்லை. வரவேற்பு ஏற்போர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் நாம் அறியோம்.

மற்றவர் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் வந்த ஆணைக்குழுவினர். அவர்கள் மண்டபங்களில் அமர்ந்து சாட்சியங்களைக் கேட்டனர். தலைவர் பலர் எல்லார்க்கும் வாக்குரிமை அளித்தலை விரும்பவில்லை. இராமநாதனும் அதனை எதிர்த்தார். ஆயினும் ஆணைக்குழு வயதுவந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. 1931-ஆம் ஆண்டுத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், துறைமுகத்தில் வெயிலில் நின்ற கூலியாளுக்கும், பந்தலில் கதிரையிட்டு அமர்ந்த முதலியாருக்கும் வாக்கு ஒன்றே ஆயிற்று. இம்மாற்றத்தின் முழுப்பொருளை நம்மவர் உடனே உணரவில்லை. கல்முனைத் தொகுதியில் 1947-ஆம் ஆண்டு பாராளுமன்றத்துக்குத் தெரிவான எம். எஸ். காரியப்பர், கேட் முதலியார் என்னும் பட்டத்தோடேயே அழைக்கப்பட்டார். பழைய பட்டமும் புதிய வாக்கும் ஒருவரிடஞ் சேர்ந்து நின்ற காலம் அது. பிரித்தானியப் பட்டங்கள் வழங்குதல் 1956-இல் நிறுத்தப்பட்டது. 1963-இல் ஊர்த்தலைமைக்காரர் பதவியும் நீங்கிக் கிராம சேவகர் பதவி ஏற்பட்டது.

அறிவுக்குச் செய்த மரியாதை

பதவிக்கன்றி அறிவுக்கு எடுத்த விழா ஒன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். அது எமது அயலூரைச் சேர்ந்தது. காரைதீவிலே 1892-ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் 1931-இல் அமர்ந்தவர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானவர். பல ஆண்டுகள் ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947-ஆம் ஆண்டு சூன் 5, 6-ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் ஆதரவில் அரங்கேறியது. அடிகளார் அப்பொழுது நோயால் மெலிந்திருந்தார். அடுத்த மாதம் 19-ஆம் நாள் அவர் மறைந்தார். சங்கத்தார் சில வாரங்கள் தாழ்த்திருந்தால் மாலையைப் படத்துக்கே சூட்ட நேர்ந்திருக்கும். அறிஞர்க்குச் செய்யும் மரியாதை காலத்தாற் செய்யப்படுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

இக்காலத்துக்கு

வாக்கில்லாத மக்களுக்கு வரவேற்பு ஒரு கருவியாய் இருந்தது என்று கண்டோம். இன்று வாக்கு உண்டு, கருவியின் தேவை குறைந்துள்ளது, சடங்கோ பெருகியுள்ளது. வீதிக்கு நூறு கல் கொட்டினாலும் மாலை. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினாலும் மாலை. அக்கட்டடம் எழும்பாத பொழுதும் மாலை. பொன்னாடை போர்த்துதல் ஒரு கூட்டத்தில் பத்து முறை நிகழ்கின்றது. பிரமுகர் பிந்தி வருங்கால் வெள்ளுடை அணிந்த சிறுவர் இருமருங்கும் கொடியேந்தி நண்பகல் வெயிலில் நிற்பதைப் பல ஊர்களில் நாம் கண்டிருக்கின்றோம். பாடநேரம் கழிகின்றது, பிள்ளைகள் கற்றுக்கொள்வதோ, பெரியவர் காத்திருக்கச் செய்யலாம், சிறியவர் காத்திருத்தல் வேண்டும் என்பதையே.

வரவேற்புக்களை அறவே ஒழித்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. நன்றி பாராட்டாத சமூகம் நல்லவரை இழக்கும். எனினும் நான்கு செய்திகளை விழா எடுப்போர் மனங்கொள்ளுதல் நலம். முதலாவது, பத்திரத்தில் எழுதும் புகழ் செய்த செயலைச் சுட்டுதல் வேண்டும். எந்த ஆண்டில் எந்த நன்மையைச் செய்தார் என்று எழுத இயலாவிடின் அப்பத்திரத்தை அச்சிடாது விடுதலே தகும். இரண்டாவது, நம் முன்னோர் எழுதிய மூன்றாம் பகுதியை நாமும் எழுதுதல் வேண்டும். ஊரின் குறையை மறைத்த வாழ்த்து வந்தவர்க்கும் பயன்படாது, தந்தவர்க்கும் பயன்படாது. மூன்றாவது, பிள்ளைகளை வெயிலில் நிறுத்தலாகாது. நான்காவது, பந்தலில் யார் இல்லை என்று ஒருமுறை நோக்குதல் வேண்டும். அயலூரார், வேற்றுச் சமயத்தார், மனம் நொந்தார் எவரேனும் வாராதிருப்பின், அடுத்த நாள் அவர் வீட்டுக்குச் சென்று காரணங் கேட்பது மாலையினும் பெரிய மரியாதையாகும்.

காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளிக்கு நடந்து வரும் வழியில் கோயில் மணியும் பள்ளிவாசல் வாங்கும் ஒரே மாலைப்பொழுதிற் கேட்கின்றன. இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்தோர் எடுக்கும் விழாக்கள் இருசாரார்க்கும் உவகை தருவனவாய் அமைதல் கடினமன்று. யூபிலி கொண்டாடும் இக்கல்லூரி இன்னும் பல்லாண்டு நிலைத்து, மாலைக்குத் தகுதியுடையோரையும், தகுதியறிந்து மாலை சூட்டுவோரையும் நாட்டுக்கு நல்கி வாழ்க.